காரவன் குடிநீர் ஹோஸ்: நாள்பட்ட பயன்பாட்டில் எது உழைக்கிறது, எது நாறுகிறது

ஆஸ்திரேலியாவில் காரவன், அதாவது காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி, வைத்திருப்பவர்கள் டயர், பேட்டரி, சோலார் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். காரவன்கள் தங்கும் பார்க்கின் குழாயிலிருந்து வண்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் 10 மீட்டர் ஹோஸை மட்டும் ஈரத்தோடு சுருட்டி முன்பெட்டியில் போட்டுவிடுவார்கள். கோடையில் அந்தப் பெட்டி அடுப்பாகக் கொதிக்கும். உள்ளே தேங்கிய ஈரம், வெதுவெதுப்பு, வெளியே கிடக்கும்போது புகும் ஒளி மூன்றும் சேர்ந்தால் பாசி பிடிக்க வேறெதுவும் வேண்டாம்.

வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். குடிநீர் படும் பொருட்களுக்கான ஏஎஸ்/என்இசட்எஸ் 4020 தரச்சான்று உள்ள, ஒளி ஊடுருவாத, நூல்வலை பின்னிய 12 மில்லிமீட்டர் ஹோஸ்தான் நெடுநாள் உழைக்கிறது. கண்ணாடி போன்ற ஹோஸில் அழுக்கு தெரியுமே என்பார்கள். தெரியும்தான், வெளிச்சம் புகுவதால் பாசியும் சீக்கிரம் வரும். சாதாரணத் தோட்ட ஹோஸ் வெயிலில் சூடானதும் தண்ணீரில் பிளாஸ்டிக் சுவை ஏறும். தட்டையாகச் சுருளும் ஹோஸ் இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் அதன் உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் முழுதாகக் காயவே காயாது. அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

12 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 10 மீட்டர் ஹோஸுக்குள் 1.1 லிட்டர் தண்ணீர் நிற்கும். காலையில் டேங்கை நிரப்புமுன் குறைந்தது 2 லிட்டரைக் கீழே விட்டுவிட வேண்டும் என்பது இந்தக் கணக்கால்தான். வெயிலில் கிடந்த ஹோஸ் என்றால் குளிர்ந்த தண்ணீர் வரும்வரை விடுங்கள்.

கிருமிநீக்கத்துக்கு வாசனையும் சோப்பும் சேராத சாதாரண ப்ளீச் போதும். புட்டியில் ‘கிடைக்கும் குளோரின்’ (available chlorine) 4 சதவீதம் என்று எழுதியிருந்தால் லிட்டருக்கு 1.25 மில்லி, அதாவது 10 லிட்டர் வாளிக்கு 12 முதல் 13 மில்லி. இது லிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம் குளோரின் தரும். ஹோஸின் இரு முனைகளையும் உயர்த்திப் பிடித்து, ஒரு முனையில் புனல் வைத்து மெதுவாக ஊற்றுங்கள். அவசரப்பட்டால் நடுவில் காற்று அடைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் மருந்தே படாது. மறுமுனையில் குமிழி நின்றதும் இரண்டையும் மூடி ஒரு மணி நேரம் விட்டு, ப்ளீச் வாடை போகும்வரை அலசுங்கள். இரவு முழுக்க ஊறவைத்தால் கூடுதல் பலன் இல்லை, இணைப்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்தான் கெடும். பழைய ப்ளீச் வீரியம் இழந்திருக்கும், தேதி பாருங்கள்.

இவ்வளவு செய்தும் சில வாரங்களில் வாடை திரும்பினால், முனையில் உள்ள இணைப்பானை (கனெக்டர்) கழற்றி ஹோஸின் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் கிருமிப் படலம் படிந்திருக்கிறது. ப்ளீச் அதன் மேற்பரப்பைக் கொல்லும், பெயர்த்து எடுக்காது. மென்மையான ஸ்பாஞ்சைத் துளையைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டிக் குழாய்ப் பக்க முனையில் திணித்து, கனெக்டரைத் திரும்ப மாட்டித் தண்ணீரைத் திறந்தால் அழுத்தமே அதைத் தள்ளிக்கொண்டு போகும். மறுமுனையின் கனெக்டரைக் கழற்றி வைக்காவிட்டால் அதன் குறுகலான கழுத்தில் சிக்கிக்கொள்ளும். முதல் முறை வெளிவரும் ஸ்பாஞ்சின் நிறத்தைப் பார்த்தால் ஏன் இத்தனை பாடு என்பது புரியும். இதன் பிறகு ப்ளீச் வைத்தால்தான் அது வேலை செய்யும். உப்புப் படிவுக்குச் சிட்ரிக் அமிலம் நல்லது; ஆனால் ப்ளீச்சோடு ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். இரண்டுக்கும் நடுவே நன்றாக அலச வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்று வடிகட்டியின் இடம். கார்பன் வடிகட்டி, ஊர்த் தண்ணீரில் இருக்கும் குளோரினை எடுத்துவிடும். அதைக் குழாய்ப் பக்கம் மாட்டினால் ஹோஸ் முழுக்கக் குளோரின் இல்லாத தண்ணீர்தான் ஓடும், படலம் வேகமாக வளரும். வடிகட்டி காரவன் நுழைவாய்ப் பக்கம் இருக்கட்டும். 350 கிலோபாஸ்கல் அழுத்தக் குறைப்பான் மட்டும் குழாயோடு ஒட்டி இருக்கட்டும். அப்போதுதான் ஹோஸும் காப்பாற்றப்படும். வெளியே போகும்போது குழாயை மூடுங்கள்.

பார்க் குழாய் வாயில் முன்னால் வந்தவர் கழிப்பறைக் கேசட்டை, அதாவது கழிவு சேரும் பெட்டியை, கழுவியிருக்கலாம். ப்ளீச் நீரில் நனைத்த துணியால் குழாய் வாயைத் துடைத்து, அரை நிமிடம் தண்ணீர் ஓடவிட்ட பிறகே மாட்டுங்கள். கேசட்டுக்கு வேறு நிறத்தில் தனி ஹோஸ். இதில் சமரசமே வேண்டாம்.

கிளம்பும் நாளில் ஹோஸின் ஒரு முனையைத் தோளில் போட்டு, கை மாற்றி மாற்றி இழுத்தபடி நடந்தால் தண்ணீர் பெரும்பகுதி வடிந்துவிடும். வீடு திரும்பியதும் நிழலில் தொங்கவிட்டுக் காயவைத்த பிறகு இரு முனைகளையும் ஒன்றோடொன்று மாட்டி வளையமாக வையுங்கள். திறந்து வைத்தால் எறும்பும், மண்கூடு கட்டும் குளவியும் வந்துவிடும். குளவிக் கூட்டின் மண் பம்புக்கு முந்தைய சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். ஓ-ரிங்கைச் சீசனுக்கு ஒருமுறை மாற்றுவது செலவே இல்லை. ஸ்பாஞ்ச் விட்டு ப்ளீச் வைத்தும் உள்ளே கரும்புள்ளி நிற்கிறதென்றால் அந்த ஹோஸைத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.