சர்வர் என்று சொல்லி 85,000 ரூபாய்க்குக் காலி டப்பா: உஷார்

ஆபீஸுக்கு நெட்வொர்க் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். எங்களுக்கு 85,000 ரூபாய் போச்சு.

ஜவுளி மொத்த வியாபாரம், எட்டு கம்ப்யூட்டர். பில், ஸ்டாக் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், தினமும் பேக்கப் ஆக வேண்டும். கேட்டது இவ்வளவுதான். வந்தவர் கம்ப்யூட்டர் விற்று சர்வீஸும் பார்க்கும் உள்ளூர்க் கடைக்காரர். ஒவ்வொரு கேபிளின் முனையிலும் பிளக்கை அழுத்திப் பொருத்தி (கிரிம்ப் செய்து), டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிவதைக் காட்டிவிட்டுத்தான் சொருகினார். இப்படி வேலை செய்கிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? மூலையில் ஒரு கறுப்பு டப்பாவை வைத்து, "அண்ணே, இதுதான் சர்வர். இனி எந்த மிஷின் போனாலும் கணக்கு பத்திரம்" என்றார். அன்றைக்கே முழுப் பணமும் கொடுத்தோம்.

போன வாரம் கேஷியர் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் போனது. மற்ற ஏழிலும் பில் திறக்கவில்லை. சர்வர் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே பார்த்தால் வீட்டுக் கம்ப்யூட்டருக்கான விண்டோஸ் 11 ஹோம், எங்கள் ஃபைல் ஒன்றுகூட இல்லை! கேஷியர் மிஷினில் ஒரு ஃபோல்டரை ஷேர் பண்ணி, மற்றதையெல்லாம் அதில் கோத்துவிட்டிருக்கிறார். சர்வரே இல்லாமல் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் நேரடியாகப் பகிர்ந்துகொள்ளும் பீர்-டு-பீர் முறை. இதற்கா 85,000?

போன் செய்தால் முதலில் "டெக்னீஷியன் வெளியூர்ல இருக்கார்." அப்புறம் "வாரன்டி பொருளுக்குத்தான், டேட்டாவுக்கு இல்ல." கடைசியில் எனக்கே பாடம்: "டோரண்ட்டே பீர்-டு-பீர்தான் சார், எவ்வளவு ஸ்ட்ராங் தெரியுமா?"

அவர் சொன்ன டோரண்ட், அதாவது இன்டர்நெட்டில் பலர் ஃபைல் பகிர்ந்துகொள்ளும் பிட்டோரண்ட், தாங்குவது ஒரே ஃபைலின் துண்டுகள் பலரிடம் இருப்பதால். ஒருவர் அணைத்துவிட்டுப் போனாலும் இன்னொருவரிடம் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பில் இருந்ததோ ஒரே டிஸ்கில், ஒரே பிரதி. சர்வர் முறையிலும் சர்வர் படுத்தால் எல்லோரும் உட்கார வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் யார் எதைத் திறக்கலாம் என்பதும் பேக்கப்பும் அந்த ஓரிடத்தில் பார்த்தால் போதும். இரண்டு மூன்று மிஷின், ஒரு பிரிண்டர் என்றால் பீர்-டு-பீரே தாராளம். அதற்குச் செலவும் கேபிளும் அவற்றை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சும்தான், 85,000 இல்லை.

என்ன பார்த்து வாங்கலாம் என்று விவரமாக எழுத உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். சர்வர் என்று காட்டும் டப்பாவில் வின்வெர் (winver) கட்டளை அடித்து எந்த விண்டோஸ் என்று பாருங்கள். அந்த டப்பாவும் ஒரு மிஷினும் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அந்த மிஷினில் பில் திறக்கச் சொல்லுங்கள். பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலை உங்கள் கண்முன் மீட்டுக் காட்டாமல் பாக்கியைக் கொடுக்காதீர்கள். பில்லில் "நெட்வொர்க் வேலை" என்று ஒற்றை வரி போட்டால் வாங்காதீர்கள். நான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகார் கொடுத்தாயிற்று.