வெப் டிசைன் கோர்சுக்கு பைசா கட்டும் முன்னால் இதைப் படியுங்க

மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்ட்ல நேத்து நான் படிச்ச வெப் டிசைன் கோர்சோட நோட்டீசை மறுபடி பார்த்தேன். புது பேட்ச் ஆரம்பிக்குதாம். அதனாலதான் எழுதுறேன்.

அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுறார். மழை பிடிச்சா வெட்டு கிடையாது. அப்படி ஒரு ஆனி மாசத்துல கடன் வாங்கித்தான் நாகர்கோவில்ல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல எனக்கு 22,000 ரூபாய் கட்டினார். நாலு மாசம் படிச்சேன். கடைசி புராஜெக்டா தேன் விக்கிற ஒரு சைட் செஞ்சேன். சார் பாராட்டி சர்ட்டிபிகேட் தந்தார்.

அதோட குழித்துறையில ரயில் ஏறி, திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல இன்டர்வியூவுக்குப் போனேன். இன்டர்வியூ எடுத்த அக்கா முதல்ல என் சைட்டைத் தன் போன்ல திறந்தாங்க. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி. அகலத்தை 1200 பிக்சல்னு கட்டிப்போட்டிருந்தேன், போன் அகலத்துக்கு ஏத்த மாதிரி பக்கத்தைக் காட்டச் சொல்ற வியூபோர்ட் வரியே இல்லை. அப்படி ஒரு வரி உண்டுன்னு எனக்கு யாரும் சொன்னதில்லை.

அப்புறம் சைட்டோட கோடிங்கைப் பார்த்தாங்க. எழுத்தோட அளவு, நிறம் சொல்ற ஃபான்ட், நடுவுல வைக்கிற சென்டர்னு ரெண்டு டேக்கையும் (குறிச்சொல்) 1997ல, வெப் பக்கம் எழுதுற மொழியான ஹெச்டிஎம்எல்லோட 4ம் பதிப்பு வந்தப்பவே தவிர்க்கச் சொல்லியாச்சாம். நான் பிறக்குறதுக்கு முன்னாடி! மெனுவை, தகவல் கட்டங்களுக்கான டேபிள் டேக்ல அடுக்கியிருந்தேன். பக்கத்தோட பகுதிகளைப் பிரிச்சுச் சொல்ற ஹெடர், நேவ், மெயின் டேக் எதுவும் தெரியாது. எழுத்து பெரிசா வரணும்னு நாலு இடத்துல முதல் தலைப்புக்கான ஹெச்1 டேக். 'வாங்க' பட்டனை, பட்டன் டேக்ல இல்லாம வெறும் பெட்டியான டிவ்ல செஞ்சதால கீபோர்டுல டேப் அழுத்தினா அங்க நிக்கவே இல்லை. படத்துல என்ன இருக்குன்னு சொல்ற ஆல்ட் இல்லை, பக்கம் தமிழ்னு சொல்ற லாங் இல்லை. கண் தெரியாத ஒருத்தர் போன் வாசிக்கிறதைக் கேட்டு என்கிட்ட தேன் வாங்கவே முடியாதுன்னு அவங்க சொன்னப்போ ரொம்ப வலிச்சுது. ஒரே மஞ்சள் நிறத்தை வரிக்கு வரி ஸ்டைல்னு எழுதியிருந்தேன். பக்கத்தோட தோற்றத்தைச் சொல்ற சிஎஸ்எஸ் ஃபைல்ல, பல இடத்துக்கும் பொதுவா ஒரு கிளாஸ் எழுதி, நிறத்தை ஒரே இடத்துல மாத்துறது எப்படின்னு அவங்களே காட்டினாங்க. அந்த இருபது நிமிஷம் நாலு மாசத்தை விடப் பெரிசு.

வேலை கிடைக்கலை. சென்டர்ல போய்க் கேட்டேன். "சிலபஸ்ல உள்ளதைத்தானே நடத்தினோம்" அவ்வளவுதான் பதில். பைசா திரும்பி வரலை.

நீங்க கட்டும் முன்னால், அங்க படிச்ச ஒருத்தர் செஞ்ச சைட்டைக் காட்டச் சொல்லுங்க. உங்க போன்லயே திறந்து பாருங்க. வெப் தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்போட வேலிடேட்டர்ல (கோடிங்கைச் சரிபார்க்கிற சைட்) போட்டுப் பாருங்க, இலவசம்தான். தப்பை வரி எண்ணோட காட்டும். கம்ப்யூட்டர்ல கன்ட்ரோலும் யூவும் சேர்த்து அழுத்தினா பக்கத்தோட கோடிங் தெரியும். அதுல ஃபான்ட், சென்டர் டேக் கண்ணுல பட்டா, அட்மிஷன் ஃபார்மைத் திருப்பிக் கொடுத்துட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிங்க.