ஜிங்தேஜென் நீலவெள்ளை ஜாடி: காட்டுவது ஒன்று, கட்டுவது ஒன்று

சீனாவில் ஜியாங்ஷி மாகாணத்து ஜிங்தேஜென்னுக்குப் பீங்கான் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க. அங்கே ஒரு கடையில் 1,600 யுவான் கொடுத்து ஒரு ஜோடி நீலவெள்ளைப் பூச்சாடி வாங்கினேன். முழுக்கக் கைவேலை என்று சொல்லித்தான் விற்றார்கள். வந்து சேர்ந்தது ஸ்டிக்கர் வேலை, அதாவது அச்சடித்த படத்தை ஜாடியில் ஒட்டிச் சுட்டது.

கடை வாசலில் ஒரு அம்மா சுடாத ஜாடியில் தாமரைக்கொடி வரைந்துகொண்டிருந்தார். முதலில் மெல்லிய தூரிகையால் கோடு. பிறகு குண்டுத் தூரிகையில் நீர்த்த கோபால்ட் வண்ணத்தைத் தோய்த்து, இதழுக்குள் சொட்டவிட்டு அப்படியே நடத்திக்கொண்டு போனார். தூரிகை முனை மண்ணைத் தொடுகிறதா என்றே தெரியவில்லை. அப்போது அது சாம்பல் கலந்த கருப்புதான். மேலே கிளேஸ் (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) பூசி 1,300 டிகிரி வாக்கில் சுட்ட பிறகே நீலமாகும். அவர் வேலை அசல், அதில் குறையே சொல்ல மாட்டேன். பெட்டியில் வந்தது அதுவல்ல.

வீட்டில் பிரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இதழ் நிழல் முழுக்க வரிசை வரிசையாகப் புள்ளிகள். பின்பக்கம் ஓரிடத்தில் கொடி கத்தியால் வெட்டியதுபோல் அறுந்து, சற்றுத் தள்ளித் தொடர்கிறது. ஓர் இலைக்குப் பக்கத்தில் நீலம் ஒரு துளி சிந்தியிருந்தது. ஜோடி ஜாடியிலும் அதே இலை, அதே துளி!

தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள், நம்பாதீர்கள். ஸ்டிக்கரும் கிளேஸுக்கு அடியில்தான். விரலுக்கு இரண்டும் வழவழதான். அடியில் இருக்கும் பேரரசர் முத்திரையும் சான்றாகாது. பேரரசர் காங்சி காலத்திலேயே (1662–1722), அவருக்கு முந்தைய மிங் வம்சத்துப் பேரரசர் செங்ஹுவாவின் முத்திரையைப் புது ஜாடிகளில் போட்டிருக்கிறார்கள். வரைந்த கோடுகளைப் பாருங்கள். கையால் வரைந்தால் தொடங்கும் இடத்திலும் திரும்பும் இடத்திலும் நீலம் தேங்கிக் கறுத்திருக்கும்.

வீசாட் என்ற சீனச் செய்திச் செயலியில் கடைக்காரர்களிடம் கேட்டதற்கு முதலில் “சூளை அப்படி” என்றார்கள். படம் அனுப்பியதும் “கோடு மட்டும்தான் ஸ்டிக்கர், வண்ணம் கையால்” என்று பேச்சு மாறியது. அப்படிப் பாதிக் கைவேலை ஒன்று உண்டுதான், விலையும் குறைவு. ஆனால் என் ஜாடியில் புள்ளி இருப்பதே வண்ணத்தில்! கடைசியில் 200 யுவான் தருகிறோம், விட்டுவிடுங்கள் என்றார்கள். வாங்கவில்லை.

கோடு, வண்ணம் இரண்டுமே கைவேலை என்று பில்லில் சீனத்தில் எழுதி வாங்குங்கள். தேர்ந்தெடுத்த ஜாடியைப் படமெடுத்துக்கொண்டு, கண்ணெதிரே கட்டச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டோம் என்றால், அவர்கள் ஊற்றிய தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.