எட்டு ஜிபி லப்டொப்பில் தொடங்கி, எமுலேட்டருடன் ஒன்றரை வருடம்

அம்மா வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே சாறி பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். யாருக்கு என்ன அளவு, எப்போது கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு நீலக் கொப்பியில் இருக்கும். அந்தக் கொப்பியை அம்மாவின் போனுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையில்தான் 2024 ஜனவரியில் அன்ட்ரொய்ட் செயலி எழுதப் படிக்கத் தொடங்கினேன். லப்டொப் பம்பலப்பிட்டியில் வாங்கிய பழையது. எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி.

செயலி எழுதும் மென்பொருளான அன்ட்ரொய்ட் ஸ்டூடியோவை இறக்குவதோடு வேலை முடிவதில்லை. செயலியைச் சோதிக்கத் திரையில் ஒரு மெய்நிகர் போனைக் காட்டும் எமுலேட்டருக்கு, அந்தப் போனின் அன்ட்ரொய்ட் அடங்கிய சிஸ்டம் இமேஜ் தனியே ஒரு ஜிபிக்கு மேல் வரும். எழுதியதை முதன்முதல் செயலியாகக் கட்டும்போது (பில்ட்), அந்த வேலையைச் செய்யும் கிரேடில் என்ற கருவி தனக்குத் தேவையானவற்றை வேறாக இறக்கும். எங்கள் வீட்டு இணையத்தில் நள்ளிரவுக்குப் பிறகுதான் டேட்டா தாராளம் என்பதால் மூன்று இரவுகள் விழித்திருந்தேன். எல்லாம் முடிந்து ரன் பொத்தானை அழுத்தினால், எமுலேட்டர் நின்றுவிட்டது என்று ஒரு வரி மட்டும் வந்தது. முழுவதையும் அழித்து மறுபடி போட்டேன். பிறகு இன்னொரு தடவையும் போட்டேன். அதே வரிதான். இது நமக்குச் சரிவராது என்றுகூட நினைத்துவிட்டேன்.

மேல்மாடியில் இருக்கும் அண்ணா மென்பொருள் வேலை செய்பவர். பிளவுஸ் வாங்க வந்த அவருடைய மனைவியிடம் அம்மா என் கவலையைச் சொல்லியிருக்கிறார். அன்று இரவே அண்ணா வந்து, "தங்கச்சி, ஒண்டையும் அழிக்காதேங்கோ. டாஸ்க் மனேஜரைத் திறந்து சிபியு பக்கத்தைப் பாருங்கோ. வேர்ச்சுவலைசேஷன் எண்டு ஒரு வரி இருக்கும், அது என்ன சொல்லுது?" என்று கேட்டார். 'டிசேபிள்ட்' என்று இருந்தது.

விஷயம் அதுதான். எமுலேட்டர் என்பது லப்டொப்புக்குள் ஓடும் முழுப் போன். அது ஓட வேண்டுமானால் சிபியுவில் இருக்கும் வேர்ச்சுவலைசேஷன் வசதி திறந்திருக்க வேண்டும். பல லப்டொப்புகளில் அது பயோஸில், அதாவது விண்டோஸ் எழும்புவதற்கு முன் திறக்கும் அமைப்புப் பக்கத்தில், மூடியே கிடக்கிறது. இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும். திறந்து, சேமித்து, மீண்டும் ஒன் செய்தேன். அப்படியும் ஓடவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த பழைய காணொளி எமுலேட்டருக்கு அந்த வசதியைப் பயன்படுத்த உதவும் ஹக்ஸ்ம் என்ற துணை மென்பொருளைப் போடச் சொன்னது. இன்டெல் அதை 2023இலேயே கைவிட்டுவிட்டது. இப்போது விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் 'விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்போம்' என்பதற்குச் சரி போட்டு மறுபடி தொடங்கினால் போதும். புதிதாகப் படிப்பவர்கள் காணொளி எந்த வருடத்தில் வந்தது என்பதை முதலில் பாருங்கள். அன்றிரவு பன்னிரண்டு மணியளவில் திரையில் ஒரு போன் எழும்பியது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

அதற்குப் பிறகும் 8 ஜிபியில் வாழ்க்கை இலேசாக இருக்கவில்லை. ஸ்டூடியோ, கிரேடில், எமுலேட்டர் மூன்றும் சேர்ந்தால் பிரவுசருக்கு இடமே மிஞ்சாது. அன்ட்ரொய்ட் 14, பிளே ஸ்டோர், பெரிய திரை என்று எடுத்திருந்த மெய்நிகர் போனை அழித்துவிட்டு, அன்ட்ரொய்ட் 11, பிளே ஸ்டோர் இல்லாத இமேஜ், சிறிய திரை என்று புதிதாக ஒன்று உருவாக்கினேன். வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. பத்து மாதம் கழித்து ரேமை 16 ஆக்கிய பிறகுதான் நிம்மதி. கையில் காசு இருந்தால் வேறெதற்கும் முன் அதைச் செய்யுங்கள்.

லப்டொப்பின் பற்றரி பழசு. கரண்ட் போனால் அப்படியே அணைந்துவிடும். அடுத்த தடவை எமுலேட்டர் முன்பு சேமித்து வைத்த நிலையிலிருந்து (ஸ்னப்ஷொட்) எழும்ப முயன்று பாதியில் உறைந்து நிற்கும். அப்போது டிவைஸ் மனேஜரில் 'கோல்ட் பூட்' கொடுத்தால் உண்மையான போனை அணைத்துப் போடுவது போல முதலிலிருந்து தொடங்கும். மெய்நிகர் போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடும் 'வைப் டேட்டா'வைக் கடைசி மருந்தாக வைத்திருங்கள். நான் அவசரப்பட்டு அதை அழுத்தி, சோதனைக்காகப் பதிந்திருந்த நாற்பது பேரின் அளவுகளை இழந்தேன்.

இரண்டு மாலைகளை விழுங்கிய இன்னொரு சிக்கல் உண்டு. செயலிக்குத் தரவு கொடுக்க லப்டொப்பிலேயே ஒரு சிறிய சேர்வர் ஓடவிட்டு, செயலியில் அதன் முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் ('இதே கணினி') என்று எழுதினேன். இணைப்பே கிடைக்கவில்லை. எமுலேட்டருக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அது தன்னையே குறிக்கும், லப்டொப்பை அல்ல. லப்டொப்பைக் கூப்பிட 10.0.2.2 என்ற முகவரி இருக்கிறது. அதை மாற்றிய பிறகும், செயலியின் பதிவுகள் ஓடும் லொக்கற் பகுதியில் சிவப்பு வரி வந்தது. இந்தத் தடவை வரியை முழுவதும் வாசித்தேன். அன்ட்ரொய்ட் 9இலிருந்து மறையாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபி இணைப்பு இயல்பாகவே தடுக்கப்படுகிறது. சோதனைப் பதிப்புக்கு மட்டும் அனுமதி கொடுத்ததும் சரியானது. சிவப்பு வரியைக் கண்டவுடன் மூடிவிடும் பழக்கம் அன்றோடு போனது.

இப்போது அன்றாட வேலைக்கு என் சொந்தப் போன்தான். போன் செட்டிங்ஸில் இருக்கும் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால், செயலி எழுதுபவர்களுக்கான டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும். அன்ட்ரொய்ட் 11 அல்லது அதற்குப் பிந்தியதென்றால் வைஃபையிலேயே லப்டொப்போடு இணைக்கலாம். அம்மாவின் போன் அதைவிடப் பழையது, அதற்குக் கேபிள் வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களும் இருக்கின்றன, போன் தெரியவில்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அம்மாவின் போனில் போட்ட முதல் நாளே, 'ஒப்படைக்கும் திகதி' என்ற பொத்தானில் 'திகதி'யைக் காணவில்லை. அம்மா எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். பொத்தானின் உயரத்தை நான் எழுத்தைப் பெரிதாக்கினாலும் மாறாத டிபி அளவில் கட்டிவைத்திருந்தேன். எழுத்தோ, போனின் எழுத்து அமைப்போடு சேர்ந்து மாறும் எஸ்பி அளவில் வளர்ந்து இரண்டாம் வரிக்குப் போய், பெட்டிக்கு வெளியே மறைந்துவிட்டது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, இந்தப் பிழை நமக்கு அடிக்கடி வரும். குறைந்தபட்ச உயரம் மட்டும் கொடுத்துத் திருத்தினேன். எமுலேட்டரின் உண்மையான பெறுமதி எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. எழுத்தைப் பெரிதாக்கி, திரையைச் சுருக்கி, மொழியைச் சிங்களத்துக்கு மாற்றி, என்னிடம் இல்லாத போன்களையெல்லாம் அதில் பார்க்கிறேன். ஆனால் துணியின் நிறம் படத்தில் சரியாக விழுகிறதா என்பதை அதில் பார்க்க முடியாது. அதன் கமரா இயல்பாகக் காட்டுவது ஒரு கற்பனை அறையைத்தான்.

போன மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து என் தோழி லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு தடவை அழித்துப் போட்டுவிட்டாளாம், இனி இந்தப் பக்கமே வேண்டாமாம். டாஸ்க் மனேஜரைத் திறந்தோம். அதே வரி, டிசேபிள்ட். பின்னேரம் தேத்தண்ணி வைக்கிற நேரத்துக்கு அவளுடைய முதல் திரை ஓடிக்கொண்டிருந்தது.