வெள்ளத்தில் முங்கிய ரெக்கார்டு, கேசட், சி.டி.: இனி எதைச் சேர்ப்பது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடிப் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறி, வடிய ஐந்து நாள் ஆனது. முன்னறை அலமாரியின் கீழ் மூன்று அடுக்கும் முங்கிவிட்டன. வீட்டிலிருந்த பாட்டெல்லாம் அந்த மூன்று அடுக்கில்தான் இருந்தது: 214 எல்.பி. (பெரிய தட்டு), ஈ.பி. (சின்னத் தட்டு) ரெக்கார்டுகள், 180 சொச்சம் கேசட்டுகள், நூறுக்குக் கொஞ்சம் குறைவாக சி.டி.கள், பாட்டு ஏற்றி வைத்த ஒரு ஹார்ட் டிஸ்க்.

ரெக்கார்டுகள் அப்பாவுடையவை. 1982 முதல் 1997 வரை அவர் ரெக்கார்டிங் சென்டர் நடத்தினார். ஒரு முழுத்தாளில் பாட்டு லிஸ்ட்டும் காலி கேசட்டும் கொடுத்துவிட்டுப் போவார்கள். ரெக்கார்டை ஓடவிட்டு ஒவ்வொரு பாட்டாகப் பதிந்து இரண்டு நாளில் கொடுப்பார். ஒவ்வொரு அட்டையிலும் கடை சீல், பக்கத்தில் நீல மையில் ஓர் எண். அந்த எண்ணுக்கு ஒரு கோடு போட்ட நோட்டு.

வெள்ளத்துக்குப் பிறகு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் மறுபடி சேர்த்தால் எதைச் சேர்ப்பது? நான் ரெக்கார்டு என்று முடிவெடுத்தேன். அப்பாவின் ஞாபகம் அதற்கு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணத்தைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

முதலில் ஒலி. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. சி.டி.தான் சுத்தம். இரைச்சல் இல்லை, வேகம் ஆடாது, மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடம் இருக்கிறது. எல்.பி.யில் 60, 70 வந்தாலே நல்ல தட்டு. இன்னொரு குறையும் உண்டு. தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை ஒரே சீராகச் சுற்றினாலும், வெளி ஓரத்தில் முள்ளுக்கடியில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் வரி, அதாவது பாட்டு பதிந்த பள்ளம், ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் 20 சொச்சம்தான். அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டில் ‘ஸ’, ‘ச’ எல்லாம் கொஞ்சம் கரகரக்கும். எனக்கு ரெக்கார்டின் ஒலி பிடிக்கும். ஆனால் அதுதான் உசத்தி என்று யாரிடமும் வாதாட மாட்டேன்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. பொதுவாக ரெக்கார்டுக்கு எதிராகச் சொல்லும் முதல் காரணமே அதுதான்: தூசி தட்டணும், முள் மாத்தணும், கீறல் விழும். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

தண்ணீர் வடிந்த மறுநாள் முதல் ரெக்கார்டை எடுத்து அடிகுழாயில் பிடித்தேன். அட்டை கூழாகி விரலோடு வந்தது. உள்ளுறைத் தாள் தட்டோடு ஒட்டிக் கிடந்தது. நனைத்து நனைத்து உரித்தேன். வரிகளுக்குள் கருஞ்சாம்பல் நிறத்தில் சகதி. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து, மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் வரி ஓடும் திசையிலேயே வட்டமாகத் தேய்த்தேன். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, “பாத்திரம் தேய்க்க மாதிரி தேய்க்காத. மெதுவாத் தேயி, கீறல் விழுந்துரும்லா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கினேன். காய வைக்க அம்மாவின் எவர்சில்வர் தட்டு ஸ்டாண்ட். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு ரெக்கார்டு, நிழலில், ஃபேன் காற்றில்.

மூன்று வாரம் ஆனது. 214-ல் 203 பாடுகின்றன. போன பதினொன்றில் நான்கு என் அவசரத்தால் போனவை. முதல் நாள் மொட்டைமாடிச் சுவரில் சாய்த்து வெயிலில் வைத்தேன். மதியத்துக்குள் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டன. மற்ற ஏழில் மணல் உராய்ந்து ஆழமாகக் கீறல் விழுந்திருந்தது.

ஏன் பிழைத்தன என்று யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ரெக்கார்டு முழுக்க ஒரே பொருள், பி.வி.சி. பாட்டை அதன்மேல் பூசவில்லை. பொருளையே பள்ளமும் மேடுமாக அழுத்தி எடுத்திருக்கிறார்கள். அழுக்குப் படியும், பூஞ்சை படியும், ஆனால் உரிந்து போவதற்கு அங்கே பூச்சே கிடையாது. நடுவிலிருக்கும் காகித லேபிள்கூடத் தட்டு வார்க்கும்போதே சேர்த்து அழுத்தப்படுவது. நிறம் மங்கியதே தவிர ஒன்றும் உரியவில்லை.

மற்ற மூன்றிலும் பாட்டு இருப்பது பூச்சில்.

கேசட்டில் அது இரும்பு ஆக்சைடு. மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின்மேல் பசையோடு கலந்து பூசியது. ஈரம் அந்தப் பசையைத்தான் முதலில் தின்னும். கடற்கரை ஊர்களில் வெள்ளமே வேண்டாம். மூடிய பெட்டிக்குள் வைத்தாலே பத்து, பதினைந்து வருஷத்தில் கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளில் வெள்ளைப் பொடி தெரியும். வெள்ளத்துக்குப் பின் முப்பது கேசட்டைத் திருகு கழற்றித் திறந்தேன். சுருளின் ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டியிருந்தது. கழுவிக் காயவைத்து வேறு கூட்டில் மாற்றி ஓடவிட்டால் நாடாவைப் படிக்கும் பிளேயர் ஹெட்டில் பழுப்புப் பொடியாக ஒட்டுகிறது. அந்தப் பொடிதான் பாட்டு. நான்கு கேசட் மட்டும் ஒரே ஒரு தடவை முழுதாக ஓடின. அந்த ஓட்டத்திலேயே கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டேன். இதற்கென்றே கருவி வைத்துப் பக்குவமாகச் செய்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் மீட்டிருப்பார்கள். நான் சொல்வது வீட்டில் ஒரு ஆள் கையால் செய்ய முடிந்தது.

ஆனால் கேசட்டுக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் பேசுவதையும் பாடுவதையும் நாமே பதிய முடிந்தது அதில்தான். போன கேசட்டுகளில் ஒன்றில் எங்கள் ஆச்சி பாடிய தாலாட்டு இருந்தது. 1990-ல் அப்பா மைக் வைத்துப் பதிந்தது, பின்னால் கோழி கூவும். அந்த நான்கில் அது இல்லை. எந்த ரெக்கார்டு வாங்கினாலும் அது திரும்ப வராது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு கேசட் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு முதலில் அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள்.

சி.டி. பரவாயில்லை. பாலிகார்பனேட் தகட்டின்மேல் அலுமினியம் மெலிதாகப் படிந்திருக்கிறது, அதன்மேல் ஒரு வார்னிஷ், அதன்மேல் அச்சு. கழுவினால் பெரும்பாலானவை பாடின. சிறு புத்தகங்கள்தான் கட்டியாக ஒட்டிப் போயின. பன்னிரண்டில் அச்சுப் பக்கம் கொப்புளித்து அலுமினியத்தோடு உரிந்தது. விளக்குக்கு நேரே பிடித்தால் ஊசித்துளை போல வெளிச்சம் தெரியும். அந்த இடத்தில் இனி ஒன்றும் இல்லை. பலரும் பளபளப்பான பக்கத்தை மட்டும் பொத்திப் பாதுகாக்கிறோம். அந்தப் பக்கம் விழும் லேசான கீறலைத் தேய்த்துச் சரிசெய்ய முடியும்; படம் போட்ட பக்கத்தில் விழுவதுதான் ஆபத்து, அலுமினியம் அங்கேதான் இருக்கிறது. வீட்டில் எழுதிய சி.டி.கள் வேறு கதை. அவற்றில் தகவல் இருப்பது சாயப் பூச்சில்; 2004, 2005-ல் எழுதியவற்றில் பாதி வெள்ளத்துக்கு முன்பே படிக்க முடியாமல் போயிருந்தன.

சி.டி.யிடம் எனக்கு இருக்கும் குறை, அது சொல்லாமல் சாகும். ரெக்கார்டில் ஒரு கீறல் என்றால் ‘டக், டக்’ என்று கேட்கும், மோசமானால் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும். ஆனாலும் கையால் முள்ளைத் தூக்கி அடுத்த வரியில் வைத்தால் பாட்டு தொடரும். சி.டி.யில் தொடக்கத்தில் இருக்கும் பட்டியல் பகுதி கெட்டால் பிளேயர் முழு வட்டையும் வெளியே தள்ளிவிடும்.

ஹார்ட் டிஸ்க் திறக்கவே இல்லை. மீட்டுத் தர ஒரு இடத்தில் கேட்ட தொகைக்கு ஐம்பது பழைய ரெக்கார்டு வாங்கலாம். இரண்டாவது பிரதி எடுக்காதது என் தவறு. கோப்பாக வைத்திருப்பவர்களுக்கு அதுதான் பராமரிப்பு: ஐந்தாறு வருஷத்துக்கொரு தடவை வேறு டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தடவை மறந்தாலும் போயிற்று.

போனில் பாட்டுக் கேட்கும் செயலிகளுக்கு வெள்ளத்தால் ஒன்றும் ஆகவில்லை. புதிய பாட்டுக்கும், பஸ்ஸில் கேட்கவும் நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அப்பாவின் நோட்டில் முதல் ஐம்பது எண்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். ஏழு ரெக்கார்டின் பாட்டுகள் நான் பார்த்த இரண்டு செயலியிலும் இல்லை. பெரும்பாலும் சின்னக் கம்பெனிகளின் பக்திப் பாட்டு, கோயில் கொடைத் திருவிழாவில் மைக் செட்டில் போடும் கதை வசன ரெக்கார்டு. இருக்கும் பாட்டுகளிலும் எழுதியவர் பெயர் பல இடத்தில் இல்லை. எல்.பி. அட்டையின் பின்பக்கம் பாடியவர், எழுதியவர் பெயர் ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே அச்சாகியிருக்கும். மாதச் சந்தா கட்டுவது கேட்பதற்கு. அதைச் சேகரிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி ரெக்கார்டு வாங்குகிறவர்களுக்கு, நான் பட்டதிலிருந்து. கழுவினாலும் சரியாகாத, கண்ணுக்கும் தெரியாத நோய் தேய்மானம். இணையத்தில் ஒருவரிடம் “புதுசு மாதிரி” என்று 1,800 ரூபாய்க்கு ஓர் இளையராஜா எல்.பி. வாங்கினேன். கண்ணாடி மாதிரி பளபளத்தது. போட்டால் பாடகி உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் கிழிந்த துணி மாதிரி ஒலி. ஐந்து கிராமுக்கு மேல் அழுத்தும் பழைய பிளேயர் முள் வருஷக்கணக்கில் உழுததன் விளைவு அது. இப்போதைய நல்ல முள் இரண்டு கிராம் அளவில்தான் அழுத்தும். ஆகவே பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தேய்மானம் முதலில் அங்கேதான் தெரியும். சென்னையில் இருந்தால், மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தபின் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போன பழைய சரக்குக் கடைகளில் நேரில் பார்த்து வாங்கலாம். அழுக்காக இருக்கும் தட்டைப் பார்த்து ஒதுக்க வேண்டாம். அழுக்குத் தட்டு விலை குறைவு, கழுவினால் பல நேரம் உள்ளே முழுசாக இருக்கிறது.

முள்ளுக்கு ஆயுள் 500 முதல் 1,000 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் என்றால் ஒன்றரை வருஷத்திலிருந்து மூன்று வருஷத்துக்குள் மாற்ற வேண்டும். எனக்கு ஒரு தடவைக்கு மூவாயிரத்துக்கு மேல் ஆகிறது. இதில் மிச்சம் பிடித்தால் ஒவ்வொரு ரெக்கார்டாகத் தேயும். அப்பா கடைக்கு டியூப்லைட் மாற்ற யோசிப்பார், முள் மாற்ற யோசித்ததே இல்லை. அவருடைய ரெக்கார்டுகள் ஆயிரக்கணக்கான முறை ஓடியும் இன்று பாடுவதற்கு அதுதான் காரணம்.

நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகளுக்கு நான் சொன்னது எதுவும் பொருந்தாது. அவை அரக்கும் கல்தூளும் கலந்தவை. கீழே விழுந்தால் உடையும், ஊறினால் ஈரம் குடிக்கும். 214-க்கு வெளியே எங்களிடம் ஒன்பது இருந்தன. கழுவியபின் இரைச்சல்தான் மிஞ்சியது. அவற்றை ஸ்பிரிட்டால் துடைக்கவே கூடாது, அரக்குக் கரைந்துவிடும். முள்ளும் வேறு, எல்.பி. முள்ளைவிட மூன்று மடங்கு தடிமன் வேண்டும். புதிதாக அச்சிட்டு இப்போது விற்கும் எல்.பி.களில் இரண்டுதான் வாங்கியிருக்கிறேன், இரண்டும் நன்றாக இருக்கின்றன. இரண்டை வைத்து நான் ஒன்றும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இப்போது அலமாரியின் முதல் அடுக்கே தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில். ரெக்கார்டுகள் செங்குத்தாக, வெள்ளைத் தாள் உறையில், வெளியே பாலித்தீன் கவர். பி.வி.சி. கவர் நாளாக ஆகத் தட்டில் மங்கல் படியவைக்கும், அதனால் அது வேண்டாம். அட்டை போனதால் எண்களும் போயின. லேபிளைப் பார்த்து, அப்பாவின் நோட்டோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு கவரிலும் பழைய எண்ணையே எழுதினேன். நோட்டு மேல் அடுக்கில் இருந்ததால் தப்பியது. 147-க்கு நேரே மட்டும் அப்பா கையெழுத்தில், “கொடுத்தது, வரவில்லை, 12.3.88” என்று இருக்கிறது. மறுபடி வாங்கத் தொடங்கியபின் நான் முதலில் தேடுவது அந்தத் தட்டைத்தான்.