பெட்ஸல் பிரானா: அருவிக்குள் இறங்குகிறவர்களுக்கான டிசென்டர்

கயிற்றில் அருவிக்குள் இறங்கி, மடுவில் விழுந்து, நீந்திக் கடந்து அடுத்த அருவிக்குப் போகும் கேனியனிங்கில், கயிற்றில் இறங்க உதவும் கருவியான டிசென்டருக்கு இரண்டு வேலைகள் உண்டு. உடல் எடையைத் தாங்கி, கயிற்றோடு உரசி, இறங்கும் வேகத்தைக் கட்டுக்குள் வைப்பது ஒன்று. நேரம் வரும்போது கயிற்றை விட்டுவிடுவது இன்னொன்று. வறண்ட பாறையில் இறங்குகிறவர் தரையில் கால் ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு நிதானமாகக் கழற்றலாம். மடுவில் கால் ஊன்ற இடமே இருக்காது. தலையில் தண்ணீர் கொட்டும், நீர்ச்சுழல் திரும்பவும் அருவியின் அடிக்கே இழுக்கும். அந்த நேரத்தில் கயிற்றோடு மாட்டிக்கொண்டவரின் நிலைதான் மிக மோசம். ஆகவே கேனியனிங் டிசென்டரை அது எப்படிப் பிடிக்கிறது என்பதைவிட எப்படி விடுகிறது என்பதை வைத்தே எடைபோட வேண்டும். அந்தக் கணக்கில் பெட்ஸல் நிறுவனத்தின் பிரானா நன்றாகவே தேறுகிறது.

அமைப்பு எளிது. சுமார் 90 கிராம் எடையுள்ள அலுமினியத் துண்டு. கயிறு நுழைய ஒரு பெரிய துளை, காரபைனருக்கு (திறந்து மூடிப் பூட்டும் உலோகக் கொக்கி) ஒரு சிறிய துளை, உராய்வைக் கூட்ட உடலிலிருந்து நீளும் கொம்புகள். சிறிய துளையில் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கிறது. அது காரபைனரை அசையவிடாமல் சரியான நிலையில் பிடித்து வைக்கும். பார்ப்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்த வளையம்தான் எனக்கு இந்தக் கருவியில் மிகப் பிடித்த பகுதி. காரபைனர் புரண்டு குறுக்காக நின்றுவிட்டால் சுமை அதன் பலவீனமான பக்கத்தில் ஏறும், அல்லது டிசென்டரின் விளிம்பு கேட்டில் (காரபைனரின் திறக்கும் பகுதியில்) போய் முட்டும். அருவி முகட்டில், இரைச்சலில், யாரும் இதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். வளையம் தேய்ந்து தளர்ந்தால் கருவியின் பாதிப் பயன் போய்விடும். பயணத்துக்கு முன் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கயிற்றை மாட்ட டிசென்டரை ஹார்னஸிலிருந்து (இடுப்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டை) கழற்ற வேண்டியதில்லை. கயிற்றை மடித்து வளையமாக்கிப் பெரிய துளைக்குள் நுழைத்து, அந்த வளையத்தைக் காரபைனரில் மாட்டிப் பூட்டினால் முடிந்தது. சாதாரண எட்டு வடிவ டிசென்டரைப் பழைய முறையில் மாட்டுகிறவர் முதலில் அதைக் காரபைனரிலிருந்து கழற்றி, கயிற்றைக் கழுத்தில் சுற்றி, மறுபடி மாட்டுகிறார். இடையில் கருவி கையில் இருக்கும் அந்தச் சில நொடிகளில் விரல் வழுக்கினால் அது மடுவின் அடிக்குப் போய்விடும். குளிர்ந்த தண்ணீரில் மணிக்கணக்காகக் கிடந்து உணர்விழந்த விரல்களுக்கு இது எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். டியூப் வகை டிசென்டர்களிலும் இதே சிக்கல் உண்டு. ஒவ்வொரு முறையும் காரபைனரைத் திறந்து கயிறு, கம்பிவளையம் இரண்டையும் சேர்த்து மாட்ட வேண்டும். மடுவில் மிதந்துகொண்டு அதைக் கழற்றுவது பெரும்பாடு.

எட்டு வடிவத்தின் பழைய முறையில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. முகட்டைத் தாண்டி உடல் கீழே சாயும்போது கழுத்தைச் சுற்றிய கயிறு பாறை விளிம்பில் உரசி மேலே தள்ளப்படும். அது பெரிய வளையத்தைத் தாண்டி ஏறி இறுகிக்கொண்டால் மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது. கீழே அருவி கொட்டிக்கொண்டிருக்கும். பிரானாவில் கயிறு கழுத்தைச் சுற்றுவதில்லை, வடிவமும் அந்த முடிச்சு விழ இடம் கொடுப்பதில்லை. கயிறு முறுக்கேறுவதும் குறைவு. இரட்டைக் கயிற்றில், அதாவது ஒரே கயிற்றை மேலே நடுவில் மாட்டி இரண்டு இழைகளாகத் தொங்கவிட்டு, இறங்கும் குழுக்களுக்கு இது முக்கியம். கடைசி ஆள் இறங்கியபின் இரண்டு இழைகளும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டிருந்தால் கயிற்றைக் கீழிருந்து இழுத்து எடுக்க முடியாது. அது மேலேயே சிக்கிவிட்டால், அடுத்த அருவிக்குக் கயிறு இல்லை.

எட்டு வடிவத்திலும் வளையத்தைக் காரபைனரில் மாட்டும் வேக முறை உண்டு, அனுபவசாலிகள் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அதில் உராய்வு குறைவு, கூட்டிக்கொள்ளக் கொம்பும் இல்லை.

அந்தக் கொம்புகள் எப்போது தேவைப்படும் என்பது கயிற்றையும் ஆளையும் பொறுத்தது. 8 மில்லிமீட்டர் ஒற்றைக் கயிறு, நனைந்து வழுக்கும் உறை, 90 கிலோ ஆள், முதுகில் தண்ணீர் ஏறிய பை: இந்தச் சேர்க்கையில் கொம்பில் போடாமல் இறங்கத் தொடங்கவே கூடாது. 50 கிலோ ஆள் 10 மில்லிமீட்டர் புதுக் கயிற்றை இரட்டையாக மாட்டினால், கொம்பே இல்லாமலும் கயிற்றைக் கையால் ஊட்டி ஊட்டித்தான் இறங்க வேண்டியிருக்கும். பிரேக் கை (வேகத்தைக் கட்டுப்படுத்தக் கீழ்க்கயிற்றைப் பிடிக்கும் கை) பிடித்த கயிற்றை ஒரு கொம்பின் மேல் போட்டால் உராய்வு ஒரு படி ஏறும், அடுத்ததிலும் போட்டால் இன்னொரு படி. இறங்கிக்கொண்டிருக்கும்போதே போடலாம், எடுக்கலாம். போடுவது சுலபம். சுமை முழுக்க ஏறியபின் எடுப்பதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். ஆகவே முகட்டில் சந்தேகம் இருந்தால் கூடுதல் உராய்வோடு தொடங்கி, மடுவை நெருங்கும்போது குறைத்துக்கொள்வதே நல்லது. பாதியில் நின்று கயிற்றைக் கட்டி வைக்கும் முறையை வீட்டருகே ஏதாவது ஒரு சுவரில், வெட்சூட்டும் (குளிர் தாங்கும் நீர் உடை) கையுறையும் போட்டுக்கொண்டு பழகிவிட வேண்டும். அருவிக்குள் அதைக் கற்றுக்கொள்ள முடியாது.

கருவி எவ்வளவு நன்றாகக் கயிற்றை விட்டாலும், கயிற்றின் நீளம் தவறாக இருந்தால் பயனில்லை. பலர் கருவிக்குப் பணம் செலவழித்துவிட்டு இதை அலட்சியமாக விடுகிறார்கள். நீந்த வேண்டிய மடுவில் இறங்கும்போது கயிற்றின் முனை நீர்மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் இறங்குகிறவர் எதையும் கழற்ற வேண்டியதில்லை. கயிற்றின் முனை டிசென்டர் வழியே தானாக வழுவிப் போகும், அவர் நீந்தி வெளியேறலாம். இதனால்தான் அங்கே முனையில் முடிச்சுப் போடுவதில்லை. வறண்ட பாறையில் உயிர் காக்கும் அதே முடிச்சு, கொந்தளிக்கும் மடுவில் ஆளைத் தண்ணீருக்குள் கட்டிப்போட்டுவிடும். கயிறு மிக நீளமாக விட்டால் மீதி முழுக்க மடுவில் சுழன்று காலில் சுற்றும். குட்டையாக விட்டால் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறோம், கீழே என்ன இருக்கிறது என்பது தெரியாமல் விழ நேரும்.

ஐரோப்பியக் குழுக்கள், குறிப்பாக ஸ்பெயினின் சியெரா தெ குவாராவிலும் சுவிட்சர்லாந்தின் திசினோவிலும் இறங்குகிறவர்கள், பெரும்பாலும் ஒற்றை இழையில் இறங்குகிறார்கள். ஆங்கர் (பாறையில் கயிற்றை மாட்டும் பிடிமானம்) வளையத்தில் கயிற்றை நுழைத்து, மேலிருந்து தளர்த்தக்கூடிய பூட்டாகக் கட்டி, மீதிக் கயிற்றைப் பையிலேயே வைத்திருப்பார்கள். முதல் ஆள் இறங்கி நீர்மட்டத்தை அடைந்ததும் விசில் கொடுப்பார், மேலே இருப்பவர் அங்கேயே நீளத்தை நிறுத்திவிடுவார். யாராவது பாதியில் சிக்கினால் பூட்டைத் தளர்த்தி அவரைக் கீழே இறக்கிவிடலாம். எத்தனை விசிலுக்கு என்ன பொருள் என்பது நாட்டுக்கு நாடு, குழுவுக்குக் குழு மாறும். ஆற்றில் கால் வைப்பதற்கு முன்பே அதைப் பேசி முடிக்க வேண்டும். கடைசி ஆள் மட்டும் பூட்டை மாற்றி, கீழிருந்து இழுத்தெடுக்கும்படி கட்டிவிட்டு இறங்குவார். மிகக் கொடுமையான தவறு நடப்பது இங்கேதான். வளையத்தில் தடுத்து நிற்கும் முடிச்சோ காரபைனரோ எந்தப் பக்கம் இருக்கிறதோ அது இழுக்கும் இழை. அதற்கு எதிர்ப்பக்க இழையில்தான் இறங்க வேண்டும். இழை மாறினால் பிடிக்க எதுவுமில்லை. டிசென்டரை மாட்டியதும், பாதுகாப்புக் கயிற்றை இன்னும் கழற்றாத நிலையில், எடையை மெதுவாக ஏற்றிப் பார்ப்பது அதற்காகத்தான்.

ஆஸ்திரேலியாவின் புளூ மவுண்டன்ஸில் இரட்டை இழையில் இறங்கும் வழக்கமே அதிகம். அங்கே மவுண்ட் டோமா பக்கமுள்ள கிளாஸ்ட்ரல் கேனியன் பிரானா மாதிரியான கருவிக்குச் சரியான களம். ஆங்காங்கே கைவிரித்தால் இருபுறச் சுவரையும் தொடலாம் என்ற அளவுக்குக் குறுகிய மலையிடுக்கு. அடுத்தடுத்து மூன்று கயிற்று இறக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருளுக்குள் போகும், எதுவும் பெரிய உயரமில்லை. உயரம் குறைவு என்பதால் எளிது என்று நினைப்பவர் ஏமாறுவார். ஒரு மடுவிலிருந்து அடுத்த ஆங்கருக்கு நீந்தி வந்து, குறுகிய இடத்தில் நின்று, உடனே மறுபடி கயிற்றை மாட்ட வேண்டும். வெயில் எட்டாத தண்ணீர் கோடையிலும் பற்களைக் கிட்டவைக்கும். ஒவ்வொருவரும் மாட்டவும் கழற்றவும் இரண்டு நிமிடம் கூடுதலாக எடுத்தால், ஆறு பேர் குழுவில் ஓர் இறக்கத்துக்கு 12 நிமிடம், மூன்றுக்கும் சேர்த்து 36 நிமிடம். அந்த நேரம் முழுக்க மற்றவர்கள் நனைந்த உடலோடு நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். 5 மில்லிமீட்டர் வெட்சூட் நீந்தும்போது வெப்பத்தைக் காக்கும், காற்றடிக்கும் இடுக்கில் அசையாமல் நிற்பவரை அவ்வளவாகக் காக்காது. மூன்றாவது இறக்கத்தில் ஒருவர் தன் காரபைனரைப் பூட்ட மறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கவனக்குறைவாக இருக்காது, குளிராகத்தான் இருக்கும். விரைவாக மாட்டிக் கழற்றக்கூடிய டிசென்டர் அங்கே சொகுசுப் பொருள் இல்லை.

காரபைனரைத் தனியாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், கவனமாகவும் தேர்ந்தெடுக்க வேண்டும். பேரிக்காய் வடிவமுள்ள பெரிய காரபைனர் வேண்டும், சிறியதில் கயிற்று வளையம் நெருக்கியடிக்கும். பிரானாவில் கயிறு காரபைனர் மேலேயே ஓடுவதால், திருகிப் பூட்டும் வகையென்றால் கயிறு பூட்டின் மேல் உரசி அதைத் திறந்துவிடக்கூடும். கயிறு கேட் பக்கம் படாமல் முதுகுப் பக்கமே ஓடும்படி மாட்ட வேண்டும். தானியங்கிப் பூட்டு இந்த விஷயத்தில் பாதுகாப்பானது, ஆனால் மணல் புகுந்தால் பாதியில் நின்றுவிடும். மூன்று அசைவில் திறக்கும் வகையை நியோபிரீன் கையுறையோடு ஒற்றைக் கையால் திறக்க முடியுமா என்று பார்க்காமல் வாங்க வேண்டாம்.

தேய்மானத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் அதிகம் சொல்வதில்லை. ஆற்று மணல் ஒட்டிய ஈரக் கயிறு அலுமினியத்தை அரம்போல் அராவும். கயிறு திரும்பத் திரும்பப் போகும் இடத்தில் பள்ளம் விழும், பள்ளத்தின் ஓரம் கூராகும், கூரான ஓரம் கயிற்றின் உறையைக் கிழிக்கும். டிசென்டரைப் போலவே காரபைனரும் தேயும். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து, விரலால் எல்லா விளிம்பையும் தடவிப் பாருங்கள். கூர்மை தட்டுப்பட்டால் ஒதுக்கிவிடுங்கள், ராவிச் சரிசெய்து ஓட்ட வேண்டாம். கயிற்றையும் இதோடு சொல்லிவிட வேண்டும். பாலிமைடு (நைலான்) கயிறு நனைந்து காயும்போது சுருங்கும். புதுக் கயிற்றை ஊறவைத்துக் காயவைத்தபின் அளந்து, அந்த நீளத்தை முனையில் எழுதி வைப்பதே முறை. 40 மீட்டர் என்று வாங்கியதை 40 மீட்டர் என்றே நம்பி, இரட்டையாகப் போட்டு இறங்க 20 மீட்டர் அருவிக்கு எடுத்துப் போகக் கூடாது.

குறை என்று சொன்னால், பிரானாவில் தானாக நிறுத்தும் ஏற்பாடு எதுவும் கிடையாது. பிரேக் கை விட்டால் விழுவோம். வறண்ட இடத்தில், எடை ஏறினால் கயிற்றை இறுகப் பிடிக்கும் பிரூசிக் முடிச்சைத் துணைக்குப் போடுவார்கள். அருவிக்குள் அந்த முடிச்சு இறுகினால் தண்ணீருக்கடியில் தொங்க நேரும் என்பதால் அது அங்கே பொருந்தாது. அதற்குப் பதில், முதலில் இறங்கியவர் கீழே நின்று கயிற்றைக் கையில் வைத்திருந்து, மேலே இறங்குகிறவர் தடுமாறினால் இழுத்து நிறுத்துவார். ஒற்றைக் கயிற்றை நீர்மட்டத்தோடு நிறுத்திய இடத்தில் இதற்கும் வழியில்லை. அனுபவம் குறைந்தவரை அப்படிப்பட்ட இடத்தில் தளர்த்தக்கூடிய பூட்டிலிருந்து மேலேயிருந்தே இறக்கிவிடுவதுதான் சரி. சிக்கினால் கயிற்றை அறுக்க, ஹார்னஸில் கைக்கெட்டும் இடத்தில் ஒரு கத்தி எல்லாருக்கும் வேண்டும்.

ராக் எக்ஸாட்டிகா நிறுவனத்தின் டோட்டம் என்ற டிசென்டர் இதைவிட அதிக வேலைகளைச் செய்யும், ஆங்கரில் தளர்த்தக்கூடிய பூட்டாகவும் அதைக் கட்டலாம். குழுவை வழிநடத்துகிறவருக்கு அது பயன்படும். புதிதாக வருகிறவருக்கு அத்தனை துளைகளும் குழப்பமே தரும், அவர் கையில் பிரானாவைக் கொடுப்பதே மேல்.

நீர்வரத்து ஏறினால் எந்தக் கருவியும் உதவாது என்பதையும் வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும். 1999 ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் அருகே சாக்ஸெட்பாக் ஓடையில் இடிமழை வெள்ளம் வந்து 21 பேர் இறந்தார்கள். அவர்களில் வழிகாட்டிகளும் இருந்தார்கள். மழை நீங்கள் நிற்கும் இடத்தில் பெய்ய வேண்டியதில்லை, ஓடையின் தலைப்பகுதியில் பெய்தால் போதும். நிலப்படத்தில் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் பார்த்து, அந்தப் பரப்புக்கான வானிலையைக் கேட்டபின்தான் பையைக் கட்ட வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை வழிகாட்டியோடு போகிறவர் இதை வாங்க வேண்டியதில்லை, அவர்கள் கொடுப்பதே போதும். சொந்தக் குழுவாக இறங்கத் தொடங்கிவிட்டவர்கள் ஆளுக்கொன்று வாங்கிக்கொள்வது நல்லது. குழுவில் எல்லாரிடமும் ஒரே வகை டிசென்டர் இருந்தால், முகட்டில் நிற்பவர் இறங்கப் போகிறவரின் இடுப்பை ஒருமுறை பார்த்தே கயிறு சரியாக மாட்டியிருக்கிறதா என்று சொல்லிவிடலாம். கடைக்குப் போகும்போது உங்கள் கையுறையையும், பயன்படுத்தும் கயிற்றில் ஒரு மீட்டர் துண்டையும் எடுத்துப் போங்கள்.