யாரை எண்ணுகிறோம்? டெல்டாவின் இரு மருத்துவ வாசல்கள்

காவிரி டெல்டாவில் இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்குவோர் பெரும்பாலும் ஊருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார்கள், அல்லது மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி போன்ற ஊர்களின் கடைத்தெருவில் மாலையில் திறக்கும் தனியார் கிளினிக்குக்குப் போகிறார்கள். இவற்றுள் எது நன்றாகக் கவனிக்கிறது என்று ஆராய வருபவர்கள், கட்டடத்தையும் வரிசையின் நீளத்தையும் பார்ப்பதற்கு முன், யாரைக் கணக்கில் எடுக்கிறோம் என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

கிளினிக்கின் பலம் நேரம். விடியலில் நடவுக்குப் போகும் பெண், அன்றைய கூலியை இழக்காமல், இரவு ஏழு மணிக்குத் தன் குடும்பத்தையே அறிந்த மருத்துவரைப் பார்த்துவிடலாம். ஆனால் அந்தப் பெண்ணின் சிகிச்சை விவரம் பெரும்பாலும் மஞ்சள் பையில் நான்காக மடித்து வைத்த சீட்டில்தான் இருக்கிறது. அது ஐப்பசி மழையில் நனைந்து மை கலைந்துவிட்டால், “அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை” என்பதுதான் மிஞ்சும். அவர் வராமல் நின்றுவிட்டால் தேடிப் போக ஆளில்லை.

சுகாதார நிலையத்தில் மருத்துவர் மாற்றலாகிப் போவார், காலை நேரம் கூலியாட்களுக்கு ஒத்துவராது. ஆயினும் அங்கே பதிவேடு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம் தொடங்கிய பிறகு, தன்னார்வலர் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருவதால், விட்டுப்போனவரின் பெயரும் கண்ணில் படுகிறது.

ஒப்பீடு தவறுவது இங்கேதான். இரு இடங்களிலும் நூறு பேர் வீதம் சிகிச்சையைத் தொடங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுகாதார நிலையத்தில் 50 பேருக்கு இரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே வந்திருந்தால், பதிவேட்டின்படி 50 விழுக்காடு. கிளினிக்குக்கு இன்றும் வருபவர்கள் 40 பேர், அவர்களில் 28 பேருக்குக் கட்டுப்பாடு என்றால் 70 விழுக்காடு என்று தாளில் வரும். வராமல் போன 60 பேர் அந்தக் கணக்கிலேயே இல்லை. வந்தவர்களை மட்டும் எண்ணும் ஆய்வை நான் ஏற்க மாட்டேன்.

அளக்கும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டும்: வெயிலில் நடந்து வந்தவரை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கை இதய மட்டத்தில் இருக்க அளந்த அளவும், வந்த வேகத்தில் அளந்த அளவும் ஒன்றல்ல. பதிவேட்டில் 130, 140, 150 என்று பூஜ்யத்தில் முடியும் எண்களே நிறைந்திருந்தால், அவை தோராயமாக எழுதப்பட்டவையோ என்று சந்தேகிக்க வேண்டும். வயதும் வறுமையும் கூடியவர்கள் எந்த வாசலுக்கு அதிகம் வருகிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

என் சாய்வு பதிவேடு உள்ள இடத்தின் பக்கம். அங்கே மாலைப் புறநோயாளிப் பிரிவும் வேண்டும். ஆய்வு நியாயமாக இருக்க, ஒரே சம்பா நடவுக் காலத்தில் இரு இடங்களிலும் மாத்திரை தொடங்கிய அத்தனை பேரையும், தை அறுவடை முடிந்தபின் அவரவர் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து அளக்க வேண்டும்.